சி. சுப்பிரமணியம் கோதுமைக்கு என்னதான் செய்தார்?

கரோல் பாகில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. மகளுக்குத் தில்லித் தமிழ்ப் பள்ளியில் பசுமைப் புரட்சி பற்றி ப்ராஜெக்ட். பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பக்கத்திலேயே வீடு. சார்ட்டில் வேளாண் விஞ்ஞானிகள் எம்.எஸ். சுவாமிநாதன் படமும் நார்மன் போர்லாக் படமும் ஒட்டியாகிவிட்டது. பொள்ளாச்சியில் இருக்கும் தாத்தா மட்டும் போனில் "சி.எஸ். பேரை விட்றாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். விதை விஞ்ஞானிகளுடையது, உழைப்பு பஞ்சாப் விவசாயியுடையது, அப்படியிருக்க அன்றைய உணவு, வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் கோப்பில் கையெழுத்துப் போட்டதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும் என்பது அப்பாவின் சந்தேகம். பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்பதுபோல் இருந்தாலும், ஓர் அரசியல்வாதியின் பங்கை எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் இதில் உள்ள கேள்வி. வேளாண் கொள்கையைப் பல ஆண்டுகளாகப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். விஞ்ஞானியும் விவசாயியும் தாங்களாகவே செய்துகொள்ள முடியாத காரியங்கள் எவை, அவற்றைச் செய்தது யார் என்று பார்க்க வேண்டும்.

முதலில் நெருக்கடி எவ்வளவு என்று தெரிய வேண்டும். 1964 ஜூனில் சாஸ்திரி பிரதமரானதும் அதுவரை எஃகுத் துறையைப் பார்த்துவந்த சுப்பிரமணியத்தை உணவு, வேளாண் துறைக்கு மாற்றினார். 1964-65இல் நாட்டின் மொத்த உணவு தானிய விளைச்சல் ஏறத்தாழ 8.9 கோடி டன். மறு ஆண்டு மழை பொய்த்து 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. அதற்கடுத்த ஆண்டும் வறட்சி. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவி ஒப்பந்தத்தில் வந்த கோதுமைதான் நகரங்களின் ரேஷன் கடைகளை ஓட்டியது. 1966இல் மட்டும் இறக்குமதி 1 கோடி டன்னைத் தொட்டது. அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலை விட்டுப் பிடித்தார். அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாமல் வேளாண் அமைச்சகம் இருக்கும் கிருஷி பவனில் உட்கார்ந்து ரேஷன் கணக்குப் போட வேண்டிய காலம் அது.

இனி விதைக்கு வருவோம். நம் பழைய கோதுமை ரகங்கள் உயரமானவை, தண்டு மெலிந்தவை. தழைச்சத்து கொஞ்சம் கூடினாலும் கதிர் கனம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். ஆகவே உரம் போடுவது நஷ்டத்துக்கு வழி என்று விவசாயி நினைத்ததில் தவறே இல்லை. ஜப்பானின் நோரின் 10 என்ற கோதுமையின் குட்டைத் தன்மையை மெக்ஸிகோவில் போர்லாக் குழு தன் ரகங்களுக்குள் கொண்டுவந்தது. அப்படிப் பிறந்தவைதான் சோனோரா 64, லெர்மா ரோஹோ 64. இவற்றுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ வரை தழைச்சத்து கொடுத்தாலும் நிமிர்ந்து நிற்கும். நல்ல பாசனத்தில் 4 டன், 5 டன் கண்டவர்கள் உண்டு. அன்று நாட்டின் சராசரியோ ஹெக்டேருக்கு 1 டன்னுக்கும் குறைவு.

ஆனால் குட்டை ரகம் பழைய பழக்கத்தை மன்னிக்காது. உயரக் கோதுமையை 10 சென்டிமீட்டர், அதற்கும் மேல் ஆழமாக விதைப்பார்கள். கீழே ஈரம் இருக்கும், முளையும் நீண்டு மேலே வந்துவிடும். குட்டை ரகத்தில் தண்டைப் போலவே முளையைப் பொதிந்து வரும் உறையும் குட்டை. ஆழமாகப் போட்டால் மண்ணைத் துளைத்து மேலே வராமல் உள்ளேயே மடிந்துபோகும். 5 சென்டிமீட்டர்தான் சரி. முதல் தண்ணீரை விதைத்த 20, 21ஆம் நாளில், புது வேர் விடும் நேரத்தில் கொடுத்தே ஆக வேண்டும்; அதைத் தவறவிட்டால் தூர் கட்டாது, அதாவது பக்கத் தண்டுகள் விடாது, பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் இழந்தது திரும்பாது. ஆக விதை மட்டும் வந்தால் போதாது. உரம், தண்ணீர், கடன், சொல்லிக்கொடுக்கும் ஆள், எல்லாம் ஒரே பருவத்தில் ஒரே வயலில் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் புது விதை பழைய விதையைவிட மோசமாகத் தோற்றுப்போகலாம். பூசா விஞ்ஞானிகள் சோதனை வயலில் இவற்றைச் சேர்த்துக் காட்டியிருந்தார்கள். தில்லி எல்லையிலுள்ள ஜௌந்தி கிராமம் 1964இலேயே விதைக் கிராமமாகத் தயாரானது. இதையே லட்சக்கணக்கான வயல்களில் செய்வதற்கு விஞ்ஞானியின் கையில் அதிகாரம் இல்லை.

சுப்பிரமணியத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நான் முதலில் வைப்பது விதையை அல்ல, விலையை. அதுவரை நகரத்து மக்களுக்கு மலிவாகத் தானியம் கிடைப்பதுதான் உணவுக் கொள்கையின் குறி. அமெரிக்கக் கோதுமை வந்து குவிய, உள்ளூர் விலை தாழ்ந்தே கிடந்தது. அந்த விலையில் யார் கடன் வாங்கி உரம் போடுவார்கள்? எல்.கே. ஜா தலைமையிலான குழுவின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, 1965 ஜனவரியில் இரண்டு அமைப்புகளை அவர் கொண்டுவந்தார். விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலை ஆணையம். அந்த விலைக்கு வாங்க இந்திய உணவுக் கழகம். இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று பயனற்றவை. விலையை அறிவித்துவிட்டு வாங்க ஆள் இல்லாவிட்டால், அமோக விளைச்சல் வந்த ஆண்டிலேயே சந்தை விலை சரிந்து, அடுத்த ஆண்டு விவசாயி உர மூட்டையைத் தொட மாட்டார். வாங்க ஆள் இருந்தும் விலை முன்கூட்டித் தெரியாவிட்டால் துணிந்து முதல் போட மாட்டார். உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறந்தது என்பதை உங்கள் மகள் சார்ட்டில் கட்டாயம் எழுதட்டும். பலருக்கும் தெரியாத செய்தி.

இரண்டாவது, விஞ்ஞானிகளின் நாற்காலி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதுவரை தலைமை வகித்தவர்கள் ஆட்சிப்பணி அதிகாரிகள். ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி வாரியம், தனித்தனிப் பணம், தனித்தனிக் கோப்பு. 1965இல் கோதுமை ஆராய்ச்சியாளர் பி.பி. பால் அதன் தலைமை இயக்குநர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் விஞ்ஞானி அவர். சிதறிக் கிடந்த வாரியங்கள் ஒரே குடையின் கீழ் வந்தன. வேளாண் துறைச் செயலராகப் பி. சிவராமன் வந்தார். அமைச்சர், செயலர், விஞ்ஞானி மூவரும் ஒரே திசையில் இழுத்த அரிய காலம் அது. சுவாமிநாதனின் பெயரை உயர்த்துவதற்காகச் சுப்பிரமணியத்தைக் குறைப்பதும், இவரை உயர்த்த அவரைக் குறைப்பதும் நடந்ததற்கு நேர்மாறு. கேட்கத் தெரிந்த அமைச்சர் இருந்ததால்தான் சொல்லத் தெரிந்த விஞ்ஞானியின் சொல் எடுபட்டது.

மூன்றாவதுதான் விதை. 1965இல் சோதனைக்கென்று 250 டன் மெக்ஸிகோ விதை வரவழைக்கப்பட்டது: 200 டன் சோனோரா 64, 50 டன் லெர்மா ரோஹோ. அந்தச் சரக்கு பட்ட பாட்டைச் சொன்னால்தான் இதிலிருந்த ஆபத்து புரியும். அது லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்துக்குப் போக வேண்டிய ஆகஸ்ட் மாதத்தில் அந்த நகரத்தின் வாட்ஸ் பகுதியில் இனக் கலவரம். கப்பல் கிளம்பியபின் இந்தியா, பாகிஸ்தான் போர். கடைசியில் வந்து விதைத்துப் பார்த்தால் முளைப்பு பாதிதான். கிடங்கில் புகைமருந்து அளவுக்கு மீறிப் போனதில் விதையின் உயிர் குன்றியிருந்தது. விதை அளவைக் கூட்டியும் உரத்தை ஏற்றியும் அந்தப் பருவத்தைக் காப்பாற்றினார்கள். இந்த அனுபவத்துக்குப் பிறகும் 1966இல் 18,000 டன் விதைக்கு அனுமதி கொடுத்தது அரசியல் முடிவு. அதுவரை உலகில் நடந்த விதைக் கொள்முதல்களிலேயே பெரியது அது. அந்நியச் செலாவணி துளித்துளியாகக் கணக்குப் பார்க்கப்பட்ட நாட்டில், ஒரு பருவம் தவறினால் மொத்தப் பணமும் மண்ணோடு போயிருக்கும். பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர்தான், பூசாவின் ஆராய்ச்சியாளர் அல்லர்.

18,000 டன்னால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெக்டேருக்கு 100 கிலோ விதை என்றால் 1,80,000 ஹெக்டேர் விதைக்கலாம். ஹெக்டேருக்கு 3 டன் விளைந்தால் 5,40,000 டன். அது முழுவதையும் விதையாக வைத்தால் அடுத்த பருவத்தில் 54 லட்சம் ஹெக்டேருக்குப் போதும். இது காகிதக் கணக்கு. உண்மையில் ஒரு பங்கு சந்தைக்குப் போகும், ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு கெடும். ஆனாலும் ஒரே பருவத்தில் முப்பது மடங்கு பெருகும் பொருளை வாங்குகிறோம் என்பதுதான் அந்த முடிவின் தர்க்கம். தானியமாக 18,000 டன் வாங்கியிருந்தால் சில கப்பல் சரக்கோடு கதை முடிந்திருக்கும்.

இந்த முடிவுகளுக்கு எதிர்ப்பு சும்மா வரவில்லை. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி உர இறக்குமதிக்குச் செலாவணி ஒதுக்கத் தயங்கினார். திட்டக் குழுவின் பொருளாதார வல்லுநர்கள் பாசன வசதியுள்ள மாவட்டங்களில் மட்டும் பணத்தைக் கொட்டுவது ஏற்றத்தாழ்வைப் பெருக்கும் என்றார்கள். இடதுசாரிகள் அமெரிக்காவுக்கு அடிபணிவதாகக் குற்றம் சாட்டினார்கள். சாஸ்திரி அமைச்சரின் பக்கம் நின்றார். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமனோடு சுப்பிரமணியம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். வேளாண் முதலீட்டை உயர்த்துவது, உரத் தொழிலில் தனியாருக்கு இடம் கொடுப்பது போன்றவை அதில் இருந்தன. அப்போது அது வெளியிடப்படவில்லை. அடுத்த மாதமே, டிசம்பர் 7 அன்று, நாடாளுமன்றத்தில் புதிய வேளாண் உத்தியை அறிவித்தார். 1970-71க்குள் 3.25 கோடி ஏக்கரில் உயர் விளைச்சல் ரகங்கள் என்பது இலக்கு.

இங்கே உறுதியானதையும் விவாதத்துக்கு உரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ரோம் உடன்பாடு நடந்தது உறுதி. புதிய உத்தி அமெரிக்க நெருக்கடியால் வந்ததா, முன்பே இங்கே முடிவானதற்கு அமெரிக்க முத்திரை விழுந்ததா என்பதில் வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் இரண்டு அணி. என் கருத்து இரண்டாவது பக்கம் சாய்கிறது. விலை ஆணையமும் உணவுக் கழகமும் ரோமுக்குப் பத்து மாதம் முன்பே வந்துவிட்டன என்பதுதான் காரணம். உரக் கொள்கையில் தனியாருக்குக் கிடைத்த தளர்வுகளில் வெளி அழுத்தம் இருந்திருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். அதேபோல, வேறு யாரும் ஏற்க மறுத்ததால்தான் சாஸ்திரி இவருக்கு வேளாண் துறையைக் கொடுத்தார் என்பதும், தில்லி பங்களாவின் புல்வெளியைப் பெயர்த்து அவர் கோதுமை விதைத்தார் என்பதும் எல்லோரும் சொல்லும் கதைகள். இரண்டாவதைச் சார்ட்டில் படம் வரைய ஆசைப்படுவார்கள், வரையலாம். ஆனால் ஒரு புல்வெளி எதையும் நிரூபிக்காது. நிரூபித்தவை நாடெங்கும் விவசாயிகளின் சொந்த நிலத்தில் போட்ட செயல்விளக்க வயல்கள். பக்கத்து வயலில் இரண்டு பங்கு விளைவதைப் பார்த்த விவசாயிக்கு அமைச்சரின் உரை தேவைப்படவில்லை.

அப்படியானால் பெயர் ஏன் விடுபட்டது? காலண்டரைப் பாருங்கள். 18,000 டன் விதை 1966 நவம்பரில் மண்ணுக்குள் போனது. அறுவடை 1967 ஏப்ரலில். பொதுத் தேர்தலோ அதற்கு முன்பே, பிப்ரவரியில். தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு; தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று முழங்கிய தேர்தல் அது. இந்தி எதிர்ப்பின் சூடும் ஆறவில்லை. 1965 பிப்ரவரி 11 அன்று மொழிப் பிரச்சினையில் சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து ராஜினாமா கொடுத்தவர்கள்தான். பிரதமரின் உறுதிமொழிக்குப் பிறகு திரும்பப் பெற்றார்கள். வாக்காளர்களிடம் அது எடுபடவில்லை. விருதுநகரில் காமராஜர் தோற்ற அதே அலையில், நாட்டின் உணவு அமைச்சர் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். கோதுமைக்கு விதைத்தவரை அரிசி வீழ்த்தியது. அந்த விதை பெருகி 1968 ஏப்ரலில் 1.65 கோடி டன் கோதுமையாக வந்தபோது, பஞ்சாபில் பள்ளிக்கூடங்களை மூடி வகுப்பறையில் தானியத்தைக் குவித்தார்கள். அப்போது வேளாண் துறை ஜகஜீவன் ராமிடம் இருந்தது. அந்த ஜூலையில் கோதுமைப் புரட்சி அஞ்சல் தலையை வெளியிட்டவர் இந்திரா காந்தி. பதவியில் இல்லாதவரின் பெயர் மேடையில் ஏறுவது கடினம்.

அந்த 1.65 கோடி டன் முழுவதையும் புது உத்தியின் கணக்கில் எழுதுவதும் சரியில்லை. இரண்டு ஆண்டு வறட்சிக்குப் பின் 1967இல் மழை நன்றாகப் பெய்தது. மழைக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்று அந்த ஓர் ஆண்டை வைத்துப் பிரிக்க முடியாது. 1964-65ஐயும் 1970-71ஐயும் ஒப்பிடுவதே நியாயம்; இரண்டும் நல்ல மழை ஆண்டுகள். கோதுமை 1.23 கோடி டன்னிலிருந்து 2.38 கோடி டன்னாகக் கிட்டத்தட்ட இரட்டித்தது. அரிசி 3.93 கோடியிலிருந்து 4.22 கோடிக்கு மட்டுமே நகர்ந்தது. நெல்லில் அன்று கிடைத்த தாய்ச்சுங் நேட்டிவ் 1 போன்ற ரகங்கள் பாக்டீரியா இலைக்கருகலில் வாடின, ஐ.ஆர். 8 விளைந்தாலும் சோறு பலருக்குப் பிடிக்கவில்லை. தஞ்சைக் குறுவையில் ஏ.டி.டீ. 27 பரவியது ஒரு நல்ல விதிவிலக்கு. கோதுமையிலும் சுவைச் சிக்கல் இருந்தது. மெக்ஸிகோ ரகங்களின் மணி சிவப்பு. தில்லி, பஞ்சாப் வீடுகளில் சப்பாத்திக்குப் பொன்னிற மணிதான் வேண்டும். சந்தையில் விலை குறைந்தது. நம் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த கல்யாண் சோனா, சோனாலிகா ரகங்கள் வந்தபிறகுதான் அது தீர்ந்தது. அந்தப் பெருமையில் அமைச்சருக்குப் பங்கு கேட்க மாட்டேன். அது முழுக்க விஞ்ஞானிகளுடையது. பஞ்சாபின் நிலத்தடி நீர் இறங்கியதற்கும் பருப்பு வகைகள் பின்தங்கியதற்கும் அந்த விலை, கொள்முதல் ஏற்பாடே பின்னாளில் ஒரு காரணம் ஆனது என்பதையும் மறைக்கக் கூடாது. பற்றாக்குறைக்காகப் போட்ட ஏற்பாட்டை மிகுதி வந்தபிறகும் மாற்றாமல் தொடர்ந்தவர்களுக்கு அதில் பொறுப்பு அதிகம்.

மற்ற வாழ்க்கைக் குறிப்புகளைச் சுருக்கமாகத் தருகிறேன். பிறப்பு 1910 ஜனவரி 30, பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையம். சென்னையில் சட்டம் படித்து, கோவையில் வழக்கறிஞர் ஆனார். 1942 இயக்கத்தில் சிறை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952இல் ராஜாஜி அமைச்சரவையில் நிதியும் உணவும் பார்த்தார். சென்னை மாகாணத்தில் ரேஷன் கட்டுப்பாட்டை ராஜாஜி நீக்கியது அப்போதுதான். 1954இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று 93க்கு 41 என்று தோற்றார். காமராஜர் அவரையே தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். முந்தைய ஆட்சியில் சட்டமன்றத்தில் எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று அழைத்த ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டத்துக்காக வாதாடியவர், அதே ஆண்டு மே மாதம் கல்வியமைச்சராக எழுந்து அதைக் கைவிடுவதாக அறிவித்தார். 1962இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவை. 1969இல் காங்கிரஸ் பிளந்தபோது இந்திரா பக்கம் நின்று, அந்தக் கட்சிக்கு இடைக்காலத் தலைவரானார். 1971இல் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குத் திரும்பினார். 1974 முதல் 1977 வரை நிதியமைச்சர். 1975 அக்டோபர் 2 அன்று முதல் ஐந்து வட்டாரக் கிராம வங்கிகள் திறந்தது அவர் காலத்தில். நெருக்கடி நிலை முழுவதும் அந்த அமைச்சரவையில் இருந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 1979இல் சரண் சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சர். 1990 முதல் மகாராஷ்டிர ஆளுநர். பிரதமர் நரசிம்ம ராவைப் பற்றித் தனிப்பேச்சில் சொன்னது பத்திரிகையில் வந்ததால் 1993 ஜனவரியில் விலகினார். 1998இல் பாரத ரத்னா. மறைவு 2000 நவம்பர் 7.

ப்ராஜெக்டுக்கு எண் எடுக்கும்போது வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. வேளாண் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவது. "1967-68 கோதுமை" என்றால் 1968 ஏப்ரல் அறுவடை. இதை 1967 என்று எழுதினால் தேர்தலுக்கு முன்பே விளைச்சல் வந்துவிட்டதுபோல் ஆகி, மேலே சொன்ன கதையே தலைகீழாகிவிடும். அடுத்து, 3.25 கோடி என்ற இலக்கு ஏக்கரில். இன்றைய அரசுப் புள்ளிவிவரம் ஹெக்டேரில். 2.47ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.3 கோடி ஹெக்டேர். பல இணையப் பக்கங்கள் வகுக்காமலே ஹெக்டேர் என்று போட்டிருக்கின்றன. மூன்றாவது, 250 டன்னும் 18,000 டன்னும் வெவ்வேறு ஆண்டுகளின் சரக்கு. கலவரமும் முளைப்புக் குறையும் முதல் சரக்குக்கு உரியவை. 1965 டிசம்பர் 7 உரையை நாடாளுமன்றத்தின் மின்நூலகத்தில் மூன்றாவது மக்களவை விவாதங்கள் என்று தேடினால் காசில்லாமல் முழுதாகப் படிக்கலாம். மகள் ஒரு பக்கம் அச்செடுத்துச் சுவாமிநாதன் படத்துக்கும் போர்லாக் படத்துக்கும் நடுவில் ஒட்டட்டும்.